அமெரிக்கக் கார் பந்தய வீரர் டான் கர்னி பற்றிய அந்த வாட்ஸ்அப் செய்தி

"உலகிலேயே தான் தயாரித்த காரைத் தானே ஓட்டி ஃபார்முலா 1 பந்தயம் வென்ற ஒரே மனிதர் டான் கர்னி, இந்தியானாபோலிஸ் 500-ஐயும் வென்றவர்" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

1967 ஜூனில் பெல்ஜியத்தின் ஸ்பா தடத்தில் கர்னி தன் 'ஈகிள்' காரில் வென்றது உண்மை. அதற்கு ஒரு வாரம் முன்புதான் ஏ.ஜே. ஃபாய்ட்டுடன் சேர்ந்து லெமான் 24 மணி நேரப் பந்தயத்தையும் வென்றிருந்தார். ஆனால் ஆஸ்திரேலியரான ஜாக் பிராபம் 1966-லேயே சொந்தக் காரில் பிரெஞ்சு கிராண்ட் பிரீ என்ற ஃபார்முலா 1 பந்தயத்தை வென்று, அந்த ஆண்டு உலக சாம்பியனும் ஆகிவிட்டார். 1968-ல் நியூசிலாந்தின் புரூஸ் மெக்லாரன், அதே ஸ்பாவில். கர்னி அப்படி வென்ற "ஒரே அமெரிக்கர்", அவ்வளவுதான். ஃபார்வர்டு ஆகும் வழியில் அமெரிக்கர் மனிதராகிவிட்டார் போல!

இன்னொரு வேடிக்கை: அந்த ஜாக் பிராபமின் அணிக்கு முதல் கிராண்ட் பிரீ வெற்றியை 1964-ல் வாங்கித் தந்ததே கர்னிதான்.

சரி, அமெரிக்காவின் 500 மைல் கார் பந்தயமான இந்தியானாபோலிஸ்? ஓட்டுநராக 1968, 1969 இரண்டிலும் இரண்டாம் இடம். 1968-ல் முதலிடம் பிடித்த பாபி அன்சர் ஓட்டியது கர்னியின் ஈகிள் கார். குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம்.

ஃபார்முலா 1, இந்தியானாபோலிஸ் இரண்டின் அதிகாரப்பூர்வ இணையதளங்களிலும் ஆண்டுவாரியாக முடிவுகள் இருக்கின்றன, பார்த்துக்கொள்ளலாம். அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால் தயவுசெய்து மேலே அனுப்பாதீர்கள்.