ஜார்ஜ் ராம்னி மாநிலத்தைக் கம்பெனி மாதிரி நடத்தவில்லை

ஒரு தொழிலதிபர் தேர்தலில் நின்றால் போதும், "நஷ்டத்தில் கிடந்த கம்பெனியைத் தூக்கி நிறுத்தியவர், மாநிலத்தையும் நிமிர்த்திவிடுவார்" என்று பேச்சு கிளம்பிவிடும். அமெரிக்காவில் அந்தப் பேச்சுக்குத் துணையாக இழுக்கப்படும் பெயர்களில் ஒன்று ஜார்ஜ் ராம்னி. 2012 அதிபர் தேர்தலில் ஒபாமாவிடம் தோற்ற மிட் ராம்னியின் அப்பா. அமெரிக்கன் மோட்டார்ஸ் கார் கம்பெனியின் தலைவராக இருந்து, 1963 ஜனவரி முதல் 1969 ஜனவரி வரை மிச்சிகன் மாநில ஆளுநராக இருந்தவர். (நம்மூர் ஆளுநர் போல மேலேயிருந்து நியமிக்கும் பதவி இல்லை அது. மக்கள் ஓட்டில் ஜெயித்து உட்காருவது. நம் கணக்கில் முதலமைச்சர் நாற்காலி.) அவர் செய்ததை வரிசையாக எடுத்துப் பார்த்தால் அந்தப் பேச்சு நிற்காது என்பது என் கருத்து. ஆளுநராக அவர் சாதித்ததற்கு உதவியது முதலாளி நாற்காலியில் பழகிய பழக்கம் இல்லை, அதற்கு முன்பே கற்றுக்கொண்ட வேறு ஒன்று.

1907இல் மெக்சிகோவின் சிவாவா மாநிலத்தில், அங்கே குடியேறியிருந்த மார்மன் என்ற கிறிஸ்தவச் சபையைச் சேர்ந்த அமெரிக்கக் குடும்பத்தில் பிறந்தார். 1912இல் புரட்சிச் சண்டை நெருங்கியதும் குடும்பம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு எல்லை தாண்டி வந்தது. சில கல்லூரிகளில் சேர்ந்தார், எதிலும் பட்டம் வாங்கவில்லை. வாஷிங்டனில் ஒரு செனட்டரிடம் உதவியாளர் வேலை, பிறகு அல்கோவா அலுமினிய நிறுவனத்துக்காக அரசு வட்டாரத்தில் பேசும் வேலை, 1939 முதல் டெட்ராய்ட்டில் கார் உற்பத்தியாளர் சங்கத்தில் வேலை. இரண்டாம் உலகப் போரின்போது, ஒருவரையொருவர் நம்பாத கார் கம்பெனிகளை ஒரே மேசையில் உட்கார வைத்துப் போர்த் தளவாட உற்பத்தியை ஒருங்கிணைத்த குழுவை நடத்தினார். கவனியுங்கள், கிட்டத்தட்ட இருபது வருஷம் அவர் பார்த்த வேலை ஒன்றுதான்: தனக்குக் கட்டுப்படாத ஆட்களிடம் பேசிச் சம்மதம் வாங்குவது.

1948இல் நாஷ் கெல்வினேட்டரில் சேர்ந்தார். ஆம், ஃப்ரிட்ஜ் செய்த அதே கெல்வினேட்டர். 1954 மே மாதம் நாஷும் ஹட்சனும் இணைந்து அமெரிக்கன் மோட்டார்ஸ் ஆனது. அக்டோபரில் தலைவர் ஜார்ஜ் மேசன் இறந்துபோக, நாற்பத்தேழு வயது ராம்னி கையில் கம்பெனி வந்தது. பெரும் நஷ்டத்தில் இருந்த கம்பெனி.

இந்த இடத்தில் அவர் என்ன செய்தார் என்பதை நுணுக்கமாகப் பார்க்க வேண்டும். ஹட்சனின் டெட்ராய்ட் ஆலையை மூடி, உற்பத்தியை விஸ்கான்சினில் உள்ள கெனோஷா ஆலைக்குக் கொண்டுபோனார்கள். 1957 மாடலோடு நாஷ், ஹட்சன் இரண்டு பெயர்களுக்கும் முழுக்குப் போட்டார். இரண்டு பெயர் என்றால் இரண்டு விளம்பரச் செலவு, இரண்டு விதமான வெளி அலங்காரப் பாகங்கள், ஒரே ஊரில் மோதிக்கொள்ளும் இரண்டு டீலர்கள். மிஞ்சியது ராம்ளர் என்ற சின்ன கார் மட்டும். ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கிரைஸ்லரும் வருஷத்துக்கு வருஷம் காரை நீட்டிக்கொண்டே போன காலம் அது. பெட்ரோலை விழுங்கும் டைனோசர் என்று அந்தக் கார்களைக் கேலி செய்து ஊர் ஊராகப் பேசினார் ராம்னி.

அதிலும் 1958இல் செய்த ஒரு காரியம். தகட்டை அழுத்தி காரின் உடம்பை வடிக்கும் வார்ப்புகளான டைகள்தான் புது மாடலில் பணத்தைத் தின்பவை. ஒரு கதவுக்கே பல டை வேண்டும், அதைச் செய்து பொருத்தவே மாதக்கணக்கில் ஆகும். 1955இல் நிறுத்தப்பட்ட பழைய ராம்ளரின் டைகள் கம்பெனியிடம் அப்படியே இருந்தன. முன்சக்கர அச்சுக்கும் பின்சக்கர அச்சுக்கும் இடையே 100 அங்குலமே இருந்த குட்டி கார். அந்தப் பழைய டைகளையே தூசி தட்டி எடுத்து, முன்பக்க கிரில்லை மாற்றி, சக்கரத்தை மூடியிருந்த தகட்டைத் திறந்துவிட்டு, ராம்ளர் அமெரிக்கன் என்ற பெயரில் இறக்கினார்கள். மூன்று வருஷம் முன்பு ஓரங்கட்டிய மாடலை மறுபடி கடைக்குக் கொண்டுவருவது கார் தொழிலில் கேள்விப்படாத விஷயம். அந்த வருஷம் அமெரிக்காவில் மந்தநிலை. மற்றவர்களின் விற்பனை சரிந்தபோது அமெரிக்கன் மோட்டார்ஸ் 2 கோடியே 60 லட்சம் டாலர் லாபம் காட்டியது. அடுத்த வருஷம் 6 கோடி. பெரிய கம்பெனிகள் அவசரமாகச் சின்ன கார்களை இறக்கிய பிறகும்கூட 1961இல் ராம்ளர் செவ்ரோலே, ஃபோர்டுக்கு அடுத்த மூன்றாவது இடத்தில் நின்றது.

சம்பள விஷயத்தையும் சொல்ல வேண்டும். எந்த நிர்வாகிக்கும் வருஷத்துக்கு 2,25,000 டாலருக்கு மேல் தேவையில்லை என்று இயக்குநர் குழுவிடமே சொல்லி, ஐந்து வருஷத்தில் 2,68,000 டாலரை வேண்டாம் என்று விட்டார். 1961இல் வாகனத் தொழிலாளர் சங்கத்தோடு லாபப் பங்கீட்டு ஒப்பந்தம் போட்டார். பங்கு விலை ஏறியதில் அவரும் கோடீஸ்வரர் ஆனார், அதையும் மறைக்க வேண்டியதில்லை.

இனி அரசியல். 1959 மே மாதம் மிச்சிகன் அரசு தன் ஊழியர்களுக்குச் சம்பளம் போட முடியாமல் தவித்தது. நாட்டிலேயே பணக்காரத் தொழில் மாநிலங்களில் ஒன்று, கஜானாவில் காசில்லை. காரணம் சோம்பேறித்தனமோ திருட்டோ இல்லை, அமைப்பிலேயே கோளாறு. மாநிலத்தின் முக்கிய வருமானம் விற்பனை வரி. கார் விற்றால் வரும், விற்காவிட்டால் விழும். அந்த வரியின் உச்சவரம்பே அரசமைப்புச் சட்டத்தில் பூட்டப்பட்டிருந்தது. வசூலிலும் பெரும் பகுதி பள்ளிகளுக்கும் உள்ளாட்சிகளுக்கும் என்று 1946இல் மக்கள் வாக்கெடுப்பில் எழுதி வைத்தாயிற்று. வருமான வரி கொண்டுவரலாம் என்றால் கட்சிகள் ஒத்துப்போகவில்லை.

கம்பெனி முதலாளி மனசு என்ன சொல்லும்? நேரே ஆளுநராக வா, செலவை வெட்டு. ராம்னி அப்படி வரவில்லை. 1959இல் கட்சி சார்பில்லாத குடிமக்கள் இயக்கம் ஒன்றைத் தொடங்கி, 1908ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டத்தையே மாற்றி எழுத வேண்டும் என்று ஆதரவு திரட்டினார். வாக்கெடுப்பில் ஜெயித்து, 144 பிரதிநிதிகள் கொண்ட அரசமைப்பு மாநாடு 1961 அக்டோபரில் மாநிலத் தலைநகர் லான்சிங்கில் கூடியது. அதில் அவரும் ஒரு பிரதிநிதி, துணைத்தலைவர்களில் ஒருவர். 1962 பிப்ரவரியில்தான் ஆளுநர் தேர்தலில் நிற்கப்போவதாக அறிவித்தார்.

பழைய சட்டத்தின் கோளாறு என்ன என்பதற்கு அவர் ஜெயித்த தேர்தலே சாட்சி. 1962 நவம்பரில் அப்போதைய ஆளுநர் ஜான் ஸ்வைன்சனைச் சுமார் 80,000 ஓட்டில் தோற்கடித்தார். ஆனால் துணை ஆளுநருக்குத் தனி ஓட்டு. அதில் ஜெயித்தவர் எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சியின் லெசின்ஸ்கி. அட்டர்னி ஜெனரலும் எதிர்க்கட்சி, மாநிலச் செயலரும் எதிர்க்கட்சி. ஒரு கம்பெனியில் உதவித் தலைவர், சட்ட அதிகாரி, செயலர் மூவரையும் போட்டிக் கம்பெனி நியமித்தால் எப்படி இருக்கும், அப்படி. அதற்கு மேல், நூற்றுக்கும் அதிகமான வாரியங்கள், ஆணையங்கள், துறைகள், ஒவ்வொன்றும் தனித்தனித் தீவு.

புதிய சட்டம் இதைத்தான் குறிவைத்தது. முக்கியத் துறைகள் 20க்கு மேல் போகக்கூடாது. ஆளுநரும் துணை ஆளுநரும் ஒரே ஓட்டில் ஜோடியாகத் தேர்வாக வேண்டும். இரண்டு வருஷப் பதவிக்காலம் 1966 தேர்தலிலிருந்து நான்கு வருஷம். குடிமை உரிமை ஆணையத்துக்கு அரசமைப்பிலேயே இடம். 1963 ஏப்ரல் 1 அன்று மக்கள் முன் வந்தபோது பதினாறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஓட்டில் வெறும் 7,424 வித்தியாசத்தில் பிழைத்தது. இது தோற்றிருந்தால் ராம்னியின் ஆட்சியில் பேச எதுவுமே இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

வருமான வரிதான் அடுத்த மலை. 1963இல் சிறப்புக் கூட்டத்தொடர் கூட்டி முயன்றார், கவிழ்ந்தது. அவருடைய குடியரசுக் கட்சிப் பழமைவாதிகளுக்கு வருமான வரி என்ற சொல்லே ஆகாது. ஜனநாயகக் கட்சியினருக்கோ வருமானம் கூடக்கூட விகிதமும் கூடும் படிநிலை வரி வேண்டும். புதிய அரசமைப்பில் படிநிலை வரிக்குத் தடை போட்டு, ஒரே விகித வரிக்கு வழி திறந்து வைத்திருந்தார்கள். அதுவே பின்னால் சமரசத்துக்கான இடம் ஆனது. நான்கு வருஷம் விடாமல் பேசி, இரு கட்சியிலும் ஆள் சேர்த்து, 1967இல் நிறைவேற்றினார்: தனிநபருக்கு 2.6 சதவீதம், நிறுவனங்களுக்கு 5.6 சதவீதம். பழைய தொழில் நடவடிக்கை வரி ரத்தானது. உத்தரவு போட்டு ஒரே நாளில் முடிக்கும் வேலை இல்லை இது. டீலர்களைச் சமாளித்தவரைவிட, போர்க்காலத்தில் போட்டிக் கம்பெனிகளைச் சமாளித்த ஆளைத்தான் நான் இதில் பார்க்கிறேன். வரி போட்ட தொழிலதிபர் அவர். "செலவை வெட்டுவேன்" என்று மட்டும் சொல்லி ஓட்டுக் கேட்பவர்கள் அவர் பெயரைச் சொல்லும்போது இதைச் சொல்வதில்லை.

கறுப்பின மக்களின் உரிமை விஷயத்தில் அவர் ஓட்டுக் கணக்குப் பார்க்கவில்லை. 1963 ஜூனில், கிட்டத்தட்ட வெள்ளையர் மட்டுமே வாழ்ந்த பணக்காரப் புறநகரான கிராஸ் பாயிண்டில் வீட்டுப் பாகுபாட்டுக்கு எதிரான ஊர்வலத்தில் தானே நடந்தார். தன் மார்மன் சபையின் மூத்தவர் ஒருவர் 1964இல் கடிதம் எழுதி எச்சரித்தும் பின்வாங்கவில்லை. அதே வருஷம் தன் கட்சியின் அதிபர் வேட்பாளர் கோல்ட்வாட்டரை ஆதரிக்க மறுத்தார். ஜனநாயகக் கட்சி அதிபர் ஜான்சனின் அலையில் கட்சி மூழ்கிய அந்தத் தேர்தலில் மிச்சிகனில் அவர் மட்டும் 56 சதவீதத்தோடு கரையேறினார்.

பிறகு 1967 ஜூலை 23. டெட்ராய்ட் 12ஆம் தெருவில் உரிமம் இல்லாத மதுக்கூடத்தில் போலீஸ் சோதனை, அதிலிருந்து கலவரம். 43 பேர் செத்தார்கள். மாநில போலீஸும் தேசியக் காவல் படையும் போதாமல் மத்திய ராணுவத்தைக் கேட்க வேண்டி வந்தது. இங்கே ஒரு சொல்லில் சிக்கிக்கொண்டார்கள். ராணுவம் வேண்டுமென்றால் நிலைமை கைமீறிவிட்டது, இது கிளர்ச்சி என்கிற அளவுக்கு எழுத்தில் வர வேண்டும் என்று வாஷிங்டன் எதிர்பார்த்தது. "கிளர்ச்சி" என்று ஆளுநர் எழுதிக் கையெழுத்துப் போட்டால், எரிந்த கடைக்கும் வீட்டுக்கும் காப்பீட்டு நிறுவனங்கள் பணம் தர மறுக்கலாம், ஏனென்றால் கிளர்ச்சியில் வரும் சேதம் பாலிசியில் விலக்கு. திங்கள் விடியலுக்கு முன் தொடங்கிய இழுபறி, வீரர்கள் தெருவில் இறங்க நள்ளிரவை நெருங்கிவிட்டது. 1968 அதிபர் தேர்தலில் ராம்னியை எதிர்த்து நிற்க வேண்டி வரலாம் என்ற எண்ணம் ஜான்சனுக்கு இருந்ததும், ராம்னி தயங்கியதும் இரண்டும் சேர்ந்த தாமதம் அது. காப்பீட்டைப் பற்றி யோசித்தது தவறே இல்லை என்பேன். எரிந்தது சின்னக் கடைக்காரர்களின் முதல். கலவரத்துக்குப் பிறகு வீட்டுப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டத்துக்காகப் போராடினார், முதலில் தோற்று, 1968இல் நிறைவேறியது.

அந்த அதிபர் போட்டியில் அவரை வீழ்த்தியது வாய். 1967 ஆகஸ்ட் 31 அன்று டெட்ராய்ட் தொலைக்காட்சிப் பேட்டியில், 1965இல் வியட்நாம் போனபோது தளபதிகளும் தூதரக ஆட்களும் தன்னை மூளைச்சலவை செய்துவிட்டார்கள் என்றார். போரைப் பற்றி அவர் சொல்ல வந்தது சரி. அந்தச் சொல் தவறு. கார் விற்கையில் "டைனோசர்" போன்ற ஒரு சொல் தெறித்தால் மறுநாள் ஷோரூமில் கூட்டம் வரும். அதிபர் ஆக நினைப்பவர் "என்னை ஏமாற்றிவிட்டார்கள்" என்றால் இவரை இன்னும் யார் யார் ஏமாற்றுவார்கள் என்ற கேள்விதான் வரும். கருத்துக்கணிப்பில் மளமளவென்று சரிந்து, 1968 பிப்ரவரி 28 அன்று, கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல் மாநிலத் தேர்தலுக்கு முன்பே விலகினார். பிறகு நிக்சன் அமைச்சரவையில் வீட்டுவசதித் துறை. கார் மாதிரி வீட்டையும் ஆலையில் செய்து இறக்கலாம் என்று பெரிய திட்டம் போட்டார். ஊருக்கு ஊர் மாறும் கட்டட விதிகள் அதை நசுக்கின. கார் எல்லா மாநிலத்துக்கும் ஒரே அளவில் போகும், வீடு அப்படிப் போகாது.

அதிபர் போட்டியில் இருந்தபோது அவர் செய்த ஒன்றுக்காக நான் அவரை என்றும் மதிப்பேன். வருமான வரிக் கணக்கைக் காட்டச் சொன்னபோது ஒரு வருஷத்துக் கணக்கைக் கொடுக்க மறுத்தார். ஒரு வருஷம் என்பது தற்செயலாக நன்றாக அமைந்திருக்கலாம், காட்டுவதற்காகவே ஜோடித்ததாகவும் இருக்கலாம் என்றார். 1955 முதல் 1966 வரை, பன்னிரண்டு வருஷக் கணக்கையும் மொத்தமாக எடுத்துக் கொடுத்தார்.