வாத்தியாருக்கு வயது பதினொன்று

(சிங்கப்பூர், தேக்கா உணவங்காடி நிலையம். காலை ஏழரை. இரண்டு தே ஓ கோசோங். சீனியே போடாத தேநீரை இவ்வளவு நேரம் கலக்குகிறவர்களை நம் ஊரில்தான் பார்க்கலாம்.)

மாணிக்கம்: புதன்கிழமை ஆளையே காணோமே, அண்ணே?

ராமசாமி: பள்ளிக்கூடம் போயிருந்தேன்.

மாணிக்கம்: 72 வயதிலா!

ராமசாமி: முதியவர்களும் மாணவர்களும் சேர்ந்து படிக்கிற திட்டம். 2011-லிருந்தே நடக்கிறதாம். எனக்கு வாத்தியார் தொடக்கப்பள்ளி ஐந்தில் படிக்கிற பையன்.

மாணிக்கம்: கைப்பேசிப் பாடமா?

ராமசாமி: ஆமாம். "தாத்தா, அழுத்தாதீங்க, தொடுங்க" என்கிறான். செம்பவாங்கில் நாற்பது வருடம் வெல்டிங் பிடித்த விரல் மாணிக்கம், தொட்டாலே அழுத்தம்தான். ரேகையெல்லாம் தேய்ந்துபோய், என் கைப்பேசிக்கே என்னை அடையாளம் தெரியவில்லை. அப்புறம் முகத்தைக் காட்டச் சொன்னான்.

மாணிக்கம்: திறந்ததா?

ராமசாமி: இல்லை. பையன் உற்றுப் பார்த்துவிட்டு, "பதிவு செய்தப்போ பல் செட் போட்டிருந்தீங்களா?" என்று கேட்டான்.

மாணிக்கம்: பலே ஆள்! நீங்கள் அவனுக்கு ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லையா?

ராமசாமி: சொன்னேனே. "அந்தக் காலத்தில் மீனை ஒரு கட்டி, இரண்டு கட்டி என்று வாங்குவோம்" என்றேன். "மீனுக்குக் கட்டி வந்தா சாப்பிடலாமா தாத்தா?" என்கிறான். 600 கிராம் சொச்சம் என்று புரியவைப்பதற்குள் மணி அடித்துவிட்டது.

மாணிக்கம்: எம்ஆர்டி ரயில் கதை?

ராமசாமி: அதையும் சொன்னேன். 1987-க்கு முன்னால் எம்ஆர்டியே கிடையாது என்றதும், "அப்போ எந்த ஸ்டேஷன்ல இறங்குவீங்க?" என்றான்.

(மாணிக்கத்துக்குப் புரையேறுகிறது.)

ராமசாமி: கடைசியாக, கைப்பேசியிலேயே பணம் அனுப்புகிற பேநவ். யாருக்காவது ஐம்பது காசு அனுப்பிப் பாருங்கள் என்றான். உன் நம்பரைத்தான் போட்டேன். புள்ளி வைக்க மறந்துபோய் ஐம்பது வெள்ளியே போய்விட்டது.

மாணிக்கம்: ஐயையோ, அது நீங்கள் அனுப்பியதா? மகன் அனுப்பினான் என்றல்லவா நினைத்தேன்! மூன்று மாதமாகப் பேசாமல் இருந்தவனை நானே கூப்பிட்டுப் பேசினேன்.

ராமசாமி: என்ன சொன்னான்?

மாணிக்கம்: "எந்தப் பணம்ப்பா?" என்றான். எவ்வளவு அடக்கம் பார் என்று உங்கள் தங்கச்சியிடம் ஒரே பெருமை!

ராமசாமி: சரி, பெருமை உனக்கு இருக்கட்டும். ஐம்பது காசையும் வைத்துக்கொள். பாக்கி 49.50 வெள்ளியைத் திருப்பி அனுப்பு.

மாணிக்கம்: எப்படி அண்ணே அனுப்புவது?

ராமசாமி: புதன்கிழமை பத்து மணிக்கு வகுப்புக்கு வா. வரும்போது பல் செட்டை மறந்துவிடாதே.