அச்சச்சோவாம், அச்சச்சோ!

"அச்சச்சோ! ஏதோ தவறாகிவிட்டது."

ஏதோவாம். இரவு பதினொன்றே முக்காலுக்கு, மூன்று மணி நேரம் தட்டிய ஆயிரத்து இருநூறு சொற்களை விழுங்கி ஏப்பமும் விட்டுவிட்டு, என் வலைப்பதிவுத் தளம் அழுமூஞ்சி மேகம் ஒன்றின் படத்தைக் காட்டி "அச்சச்சோ" என்கிறது. பாலைக் கொட்டிவிட்ட குழந்தை அப்படிச் சொன்னால் சிரித்துக்கொண்டே துடைக்கலாம். வீட்டைத் துடைத்தெடுத்துக்கொண்டு மதிலேறுகிறவன் திரும்பிப் பார்த்து "அச்சச்சோ" என்றால் என்ன செய்வது? அந்தச் சொல்லைத் தமிழாக்கித் தந்த புண்ணியவான் யாரோ, நன்றாக இருக்கட்டும். அவருடைய மின்சாரக் கட்டணப் பட்டியலும் ஒருநாள் "அச்சச்சோ" என்று தொடங்கட்டும்.

நடந்ததைச் சொல்கிறேன். மெதுவாகவே சொல்கிறேன். எனக்கும் அது மெதுவாகத்தான் நடந்தது.

அம்மம்மாவின் ஆட்டைத் திவசம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை. சிறுவயதில் அவர் என்னைத் திருகோணமலைக்குப் பக்கத்திலுள்ள கன்னியாவுக்குக் கூட்டிப்போன கதையை என் வலைப்பதிவில் எழுத உட்கார்ந்தேன். வெந்நீர்க் கிணறுகள் ஏழு, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு சூடு. இராவணன் தன் தாயின் அந்திமக் கிரியைக்காக உண்டாக்கியவை என்பது ஊர்க்கதை. அம்மம்மாவுக்கு இராவணனைவிடத் தன்னுடைய வரிசைதான் முக்கியம்: சூடு குறைந்த கிணற்றில் தொடங்கி, கூடியதில் முடிக்க வேண்டும். வரிசை தப்பினால் சளி பிடிக்கும். நான் தப்பவிட்டேன். பிடித்தது. அதைத்தான் எழுதினேன். அந்த நீரின் சூட்டுக்கு ஓர் உவமையும் பிடித்திருந்தேன். அரை மணி நேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்து பிடித்த உவமை. இப்போது அதில் "போல" என்ற சொல் மட்டும்தான் நினைவில் இருக்கிறது. அதற்கு முன்னால் இருந்தது போய்விட்டது.

சரி. எழுதி முடித்தாயிற்று. தலைப்பில் ஊர்ப் பெயர் வரவேண்டும் என்று சேர்த்தால், நீளம் கூடிவிட்டது என்று பெட்டி சிவக்கிறது. எண்ணிப் பார்த்தேன். திருகோணமலை என்றால் ஆறு எழுத்து. முதலாம் வகுப்புப் பிள்ளை விரல் மடக்கிச் சொல்லும். இதுவோ பத்து என்கிறது. தகரம் ஒன்றாம், அதன் இகர விசிறி இன்னொன்றாம், ரகரம் வேறாம், அதன் உகரம் வேறாம். ஒருங்குறிக்குள் (யூனிகோடு என்கிறார்களே, அது) அப்படித்தான் துண்டு துண்டாக வைத்திருக்கிறார்கள், அது அவர்கள் பாடு. அந்தத் துண்டுகளை என் கணக்கில் ஏன் எழுதுகிறீர்கள்? கோழி வாங்கப் போனால் கால் இரண்டு, இறக்கை இரண்டு, கழுத்து ஒன்று, ஆகவே ஐந்து கோழிக்குக் காசு வை என்பது போல. இதே ஊர்ப் பெயர் பக்கத்தின் முகவரியில் போய் உட்கார்ந்தால் இன்னும் வேடிக்கை. பத்துத் துண்டும் ஒவ்வொன்றும் மூன்று பைட், ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு மூன்று எழுத்து. அதைப் பிரதியெடுத்து யாருக்காவது அனுப்பினால் 90 எழுத்து. வைரஸ் அனுப்பிவிட்டேன் என்று பயந்து என் சித்தப்பா தொலைபேசியையே அணைத்துவிட்டார்.

தலைப்பிலிருந்து ஊரை வெட்டினேன். இனி "வெளியிடு" பொத்தான்தான் பாக்கி.

அம்பு மெல்ல வலது மூலைக்குப் போகிறது. நீல நிறத்தில் "வெளியிடு" நிற்கிறது. விரல் உயர்கிறது. உயர்ந்த விரல் இறங்கத் தொடங்குகிறது. இறங்கத் தொடங்கிய விரலுக்கும் பொத்தானுக்கும் நடுவே அரை நொடி இருக்குமா? அந்த அரை நொடிக்குள், மூன்று மணி நேரமாகச் சும்மா கிடந்த திரை, வேறு நேரமே கிடைக்காதது போல ஒரு பெட்டியைக் கொண்டுவந்து வைத்தது: "புதிய எழுத்து அனுபவத்திற்கு உங்களை வரவேற்கிறோம்!" அதற்குக் கீழே "தொடங்கலாம்" என்று ஒரு பொத்தான். எங்கே? என் "வெளியிடு" இருந்த அதே இடத்தில், அதே நீலத்தில், அதே அளவில். கிளித்தட்டில் பாய்ந்தவன் நடுவழியில் திரும்ப முடியுமா? விரல் விழுந்தது. அனுபவம் தொடங்கிற்று.

யாரப்பா உங்களிடம் அனுபவம் கேட்டது? நான் கேட்டது ஒரு பொத்தான். அனுபவம் என்னிடமே போதுமான அளவு இருக்கிறது.

திரை வெளுத்தது. மேலே வரிசையாக இருந்த பொத்தான்கள் ஒன்றையும் காணோம். எல்லாவற்றையும் அள்ளி மூலையில் மூன்று புள்ளிகளுக்குள் போட்டுவிட்டார்கள். ஆய்த எழுத்தை அடித்து நேராக்கியது போல மூன்று புள்ளி. ஆய்தமாவது முன்னே ஒரு குறிலும் பின்னே ஒரு வல்லினமும் துணைக்கு வைத்துக்கொண்டு ஒழுங்காக வரும். இது தன்னந்தனியே நின்று, என்னைத் தொட்டால்தான் தெரியும் என்கிறது. தொட்டால் இன்னொரு பட்டியல், அதன் அடியில் இன்னொரு மூன்று புள்ளி. நடுத் திரையில், கண் தெரியாதவர்களை மேலும் சோதிக்கும் வெளிர் சாம்பலில் ஒரு வரி: "உங்கள் கதையை இங்கே தொடங்குங்கள்…"

என் கதையை நான் முடித்துவிட்டல்லவா வந்தேன்!

இருபது நிமிடம் அந்தப் புள்ளிகளுக்குள் தேடினேன். எழுத்தின் நிறத்தை மாற்ற வழி இருந்தது. பூனைப் படம் சேர்க்க வழி இருந்தது. அம்மம்மாவைத் திரும்பப் பெற வழி இல்லை. கடைசியில், செய்ததைத் திருப்பிவிடக் கண்ட்ரோலையும் இசட்டையும் சேர்த்து அழுத்தினேன். எந்தக் காலத்து மென்பொருளும் அதற்கு மட்டும் கட்டுப்படும் என்ற நம்பிக்கை. உடனே ஒரு கேள்வி வந்தது: "மாற்றங்களை இரத்துச் செய்வதை நிறுத்தவா?" கீழே இரண்டு பொத்தான். ஒன்று "சரி". மற்றது "இரத்துச் செய்".

பிளேன்ரீ ஊற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்து யோசித்தேன். "சரி" என்றால் இரத்து நிற்கும், ஆகவே வெறுமை நிலைக்கும். "இரத்துச் செய்" என்றால் எதை? மாற்றங்களையா, இந்தக் கேள்வியையா, நிறுத்துவதையா? நன்னூல் படித்தவர்கள் யாரும் பக்கத்தில் இல்லை. அக்காவின் மகன் மாடியில் தூங்குகிறான். மனதுக்குள் பத்திரகாளி அம்மனை வேண்டிக்கொண்டு "இரத்துச் செய்" அழுத்தினேன்.

அச்சச்சோ.

வெட்டி ஒட்டும் வித்தையை நமக்குத் தந்தவர்களில் ஒருவர் லாரி டெஸ்லர். 1970களில் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் இருந்தவர். ஒரே விசை ஒரு நேரத்தில் ஒன்றும் மறுநேரத்தில் வேறொன்றும் செய்யக்கூடாது என்பதற்காக வாழ்நாளெல்லாம் வாதாடினார். தன் கார் இலக்கத் தகட்டிலேயே அதை எழுதிக்கொண்டு திரிந்த மனிதர். 2020இல் காலமானார். வெளியிடப் போன விரலின் கீழே வேறு பொத்தானைச் செருகும் காலத்தைப் பார்க்காமல் போனது அவர் செய்த புண்ணியம்.

இன்னும் முடியவில்லை. "உங்கள் அமர்வு காலாவதியானது, மீண்டும் உள்நுழைக" என்றது. நுழைந்தேன். கைப்பேசிக்கு ஓர் இரகசிய எண் வருமாம், இரண்டு நிமிடத்துக்குள் இடவேண்டுமாம். எங்கள் ஒழுங்கையில் குறுஞ்செய்தி என்பது வாசல்வரை வந்து, செருப்பைக் கழற்றி, கால் கழுவி, பிறகுதான் உள்ளே வரும். நான்காவது நிமிடம் வந்தது. இட்டேன். காலாவதி. இன்னொன்று கேட்டேன். முந்தியது மறுபடி வந்தது.

பிறகு நான் மனிதனா என்று கேட்டது. அந்த நேரத்தில் எனக்கே அதில் ஐயம் இருந்தது. "தீயணைப்புக் குழாய் உள்ள படங்களையெல்லாம் தெரிவுசெய்க." அமெரிக்கத் தெருவோரங்களில் குட்டையாக நிற்குமே, அது. நான் பிறந்து வளர்ந்த ஊரில் தெருவோரம் நிற்பவை மின்கம்பம், மாடு, மான். பிரட்றிக் கோட்டைக்குள் கிடக்க வேண்டிய மான்கள் பஸ் நிலையம்வரை வந்து வாழைப்பழத் தோல் தின்கின்றன. "மான் உள்ள படங்களைத் தெரிவுசெய்க" என்றிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு தொட்டிருப்பேன். திருகோணமலையில் எந்தப் படத்தைத் தொட்டாலும் ஓரத்தில் ஒரு மான் நிற்கும். அடுத்தது சமிக்ஞை விளக்கு. விளக்கு மட்டுமா, கம்பமும் சேர்த்தியா? கம்பத்தைச் சேர்த்தேன், பிழை. கம்பத்தை விட்டேன், அதுவும் பிழை. 2007 வாக்கில் இந்தச் சோதனை வேறு மாதிரி வந்தது. பழைய புத்தகங்களில் கணினிக்குப் புரியாமல் போன சொற்களைக் காட்டி, நம்மைத் தட்டச் சொல்வார்கள். நம் உழைப்பில் அந்தப் புத்தகங்களாவது கணினியில் ஏறின. இப்போது எதற்காகக் குழாய் எண்ணுகிறேன் என்றே தெரியவில்லை.

என் சத்தத்தில் அக்காவின் மகன் எழுந்து வந்துவிட்டான். முழுக்கதையையும் கேட்டான். கொட்டாவி விட்டான். பிறகு கேட்டான்:

"மாமா, சேமித்தீர்களா?"

இந்தக் கேள்வியை உங்களிடமும் யாராவது கேட்டிருப்பார்கள். கேட்டவர் இன்னும் உயிரோடு இருந்தால் உங்கள் பொறுமைக்கு வணக்கம்.

"அதுதான் தானாகச் சேமிக்கும் என்று எழுதியிருக்கிறதே!"

அவன் உள்ளே போய்ப் பார்த்தான். சேமித்துத்தான் இருந்தது. மிக அக்கறையாக, நிமிடத்துக்கு ஒருமுறை சேமித்திருந்தது. நான் புள்ளிகளுக்குள் தேடிக்கொண்டிருந்த அந்த இருபது நிமிடமும், திரையில் இருந்த வெறுமையை ஒவ்வொரு நிமிடமும் ஒரு பிரதி எடுத்து வைத்திருக்கிறது. கடைசி இருபது பிரதிகளைத்தான் வைத்திருக்குமாம், அதற்கு மேல் வந்தால் பழையது கழிந்துவிடுமாம். ஆக, இருபது வெற்றுத் தாள்கள் வரிசையாக வந்து என் அம்மம்மாவைக் கன்னியாவிலிருந்து தள்ளிவிட்டன. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். எட்டாவது வெறுமைக்கும் ஒன்பதாவது வெறுமைக்கும் வித்தியாசம் எதுவும் எனக்குப் படவில்லை.

"வேறு எங்காவது எழுதி வைத்துவிட்டு, பிறகு இதில் ஒட்டியிருக்கலாமே மாமா." இதையும் சொன்னான். அதாவது, சோறு சமைத்தால் சொந்தப் பானையில் வைக்காதே, பானை தின்றுவிடும், பக்கத்து வீட்டுப் பானையில் வைத்துவிட்டுச் சாப்பிடும்போது வாங்கிக்கொள். இதுதான் நுட்பம் அறிந்தவர்களின் அறிவுரை. பானையைத் திருத்து என்று ஒருவரும் சொல்வதில்லை.

அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. 2006இல் நான் எழுதத் தொடங்கியபோது வீட்டில் இணையம் இல்லை. பாமினி எழுத்துருவில் தட்டி, பொங்குதமிழ் மாற்றியில் போட்டு ஒருங்குறிக்கு மாற்றி, பென்டிரைவில் ஏற்றி, நெற் கஃபேக்குப் போய், மணிக்கணக்கில் காசு கொடுத்து ஏற்றுவேன். ஊர் இருந்த நிலையில் நெற் கஃபே திறந்திருக்குமா என்பதே ஒவ்வொரு நாளும் கேள்வி. படிப்பவர் கணினியில் எழுத்துரு இல்லாவிட்டால் கட்டம் கட்டமாகத் தெரியும். ஆனால் நான் தட்டியது நான் அழிக்கும்வரை இருந்தது. அந்தப் பென்டிரைவ் இப்போதும் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அதில் இருப்பது எதுவும் இதுவரை புதிய அனுபவத்திற்கு வரவேற்கப்படவில்லை.

"இந்தக் காலத்தில் யார் வலைப்பதிவு படிக்கிறார்கள், முகநூலில் போட்டால் என்ன?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். யார் படிக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். பதினேழு பேர். அதில் நான்கு பேர் வேறு வேறு கருவிகளிலிருந்து வரும் நான். முகநூலில் போட்டால் இரண்டு நாள் எல்லோரும் இதயம் குத்துவார்கள், மூன்றாம் நாள் எனக்கே தேடிக் கிடைக்காது. இது என் வளவு, நான் நட்ட முருங்கை நான் நட்ட இடத்தில் நிற்கும் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் இது வாடகை வளவு. 2009இல், இலவசமாக வலைத்தளம் வைக்க இடம் தந்த ஜியோசிட்டீஸ் மூடியபோது எத்தனையோ பேரின் வளவுகள் அப்படியே போயின. 2013 ஜூலையில், புதுப் பதிவுகளைத் திரட்டிக் காட்டிய கூகுள் ரீடர் மூடியபோது வளவுக்கு வரும் ஒழுங்கையும் போயிற்று. வீட்டுக்காரர் எப்போது வந்து கிணற்றைத் தூர்த்து நீச்சல்தடாகம் கட்டுவார் என்று தெரியாமல்தான் முருங்கை நட்டுக்கொண்டிருக்கிறேன். தெரிந்தும் நடுகிறேன். இது என்ன வகை நோயோ.

இரண்டரை மணிக்கு மீண்டும் எழுதினேன். பக்கத்து வீட்டுப் பானையில்தான் எழுதினேன், சொன்னால் வெட்கம். ஆயிரத்து இருநூறு சொல் முந்நூற்றைம்பதாக வந்தது. ஏழு கிணற்றில் நான்குதான் வந்தது. சூட்டுக்கு உவமை இல்லாமல் "நல்ல சூடு" என்று எழுதினேன். நல்ல சூடு! சோதனைத் தாளில் எழுதினால் எங்கள் தமிழ் ரீச்சர் அரைப் புள்ளி தரமாட்டார். ஒட்டினேன். இந்தமுறை விரலை இறக்குமுன் பத்து நொடி காத்திருந்தேன், பாம்புப் புற்றில் கை வைப்பவன் போல. ஒன்றும் வரவில்லை. அழுத்தினேன். வெளியாயிற்று. "வாழ்த்துகள்! உங்கள் புதிய அனுபவம் எப்படி இருந்தது?" என்று கேட்டு ஐந்து நட்சத்திரங்களைக் காட்டியது. பெட்டியை மூடப் போன விரல் வழுக்கி ஐந்தாவது நட்சத்திரத்தில் விழுந்தது. "நன்றி!" என்றது. அக்காவின் மகன் தரையில் உட்கார்ந்து சிரித்தான். நானும் பிறகு சிரித்தேன்.

தூங்கும்போது மூன்றரை. ஆறு மணிக்குப் பாண் விற்கும் ஓட்டோ வந்துவிட்டது. நாடு முழுக்க வாசிக்கும் அதே பீத்தோவன் மெட்டு. அதையாவது முழுதாக வாசிக்கிறானா? முதல் துண்டை வாசிக்கிறான், அடுத்த துண்டு வருமுன் திரும்ப முதலிலிருந்து. எத்தனை வருடமாகக் கேட்கிறேன், அந்தப் பாட்டு எப்படி முடிகிறது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கண் எரிய எழுந்து, சாரத்தை இறுக்கிக்கொண்டு படலைக்கு ஓடினால், "சீனிச்சம்பல் பணிஸ் முடிந்துவிட்டது ஐயா" என்கிறான். ஆறு மணிக்கு! எங்கள் வீடுதான் ஒழுங்கையில் முதல் வீடு!