மூஸ் ஜாவில் "ஒண்ணுமே இல்ல" என்று சிரிப்பவர்களுக்கு

ஒரு தமிழ்த் தம்பி மூஸ் ஜா ஊருக்குப் போய் எடுத்த அந்தப் பயண வீடியோவை எனக்கு அனுப்புவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். பார்த்துவிட்டேன், முழுசாகவே பார்த்தேன். "உங்க ஊர்ப் பக்கம்தானே, பாருங்க" என்று சிரிப்புப் பொம்மை போட்டு அனுப்பிய ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதத் தெம்பில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும்.

கனடாவில் சஸ்காச்சுவான் மாகாணத் தலைநகர் ரெஜினாவிலிருந்து மேற்கே முக்கால் மணி நேரம் கார் ஓட்டினால் மூஸ் ஜா. முப்பதாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் ஊர். அந்தத் தம்பி நெடுஞ்சாலை ஓரம் நிற்கும் மூஸ் மான் சிலைக்குக் கீழே நின்று படம் எடுத்தார். ஊருக்கு அடியில் சுற்றுலாவுக்குக் காட்டும் சுரங்கப் பாதைக்குள் போய், சிகாகோ தாதா அல் கபோன் கதை கேட்டார். வெளியே வந்து, "அவ்ளோதாங்க, வேற ஒண்ணுமே இல்ல, அரை மணி நேரம் போதும், நேரா பான்ஃப் மலைப் பக்கம் போயிடுங்க" என்று முடித்துவிட்டார். கீழே நம்மவர்கள் நூற்றுக்கணக்கில் சிரித்துவைத்திருக்கிறார்கள்.

நின்று சுற்றிப் பார்க்காத ஊரைப் பற்றி "ஒண்ணுமே இல்ல" என்று சொல்லக் கூடாது. நான் சொல்லவந்தது இவ்வளவுதான். ஆனால் இதை இவ்வளவோடு நிறுத்த என்னால் முடியவில்லை.

சிலை மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை. 1984-இல் வைத்தது. 2015-இல் நார்வேயில் ஒரு ஊர் இதைவிட 30 சென்டிமீட்டர் உயரமாக ஒரு மூஸ் சிலை வைத்தது, 2019-இல் மூஸ் ஜாக்காரர்கள் விடாமல் புதுக் கொம்பு மாட்டி அதை முந்தினார்கள். ஊரே சேர்ந்து ரோஷப்பட்ட கதை அது. எனக்கும் பிடிக்கும்.

அல் கபோன் விஷயம் வேறு. சிகாகோவிலிருந்து சூ லைன் ரயில் பாதை வழியாக இந்த ஊருக்கு வர முடிந்தது என்பது உண்மை. மதுவிலக்குக் காலத்தில் இங்கே ரிவர் ஸ்ட்ரீட் சூதாட்டத்துக்கும் சாராயத்துக்கும் பேர்போனது என்பதும் உண்மை. ஆனால் கபோன் இங்கே வந்தார் என்பதற்கு ஆவணம் எதுவும் கிடையாது, ஊரில் சொல்லும் கதைதான். அந்தக் கதைக்குப் பத்து நிமிடம் கொடுத்தவர், நிஜமாக இங்கே வாழ்ந்து, உழுது, செத்துப்போனவர்களுக்கு ஒரு நிமிடம்கூடக் கொடுக்கவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

இந்த ஊர் ஏன் இங்கே இருக்கிறது என்று அவர் யாரையாவது கேட்டாரா? மூஸ் ஜா ஆறும் தண்டர் கிரீக் ஓடையும் சேரும் இடம் இது. நீராவி ரயிலுக்குத் தண்ணீர் வேண்டும். 1882-இல் கனேடியன் பசிபிக் ரயில்வே இங்கே வந்ததும் அந்தத் தண்ணீரை நம்பித்தான் ஊர் எழுந்தது. 1903-இல் நகரம் என்ற தகுதியே வந்துவிட்டது. புல்வெளியில் ரயிலிலிருந்து இறங்கியவர்களுக்கு 1872-ஆம் வருடச் சட்டப்படி 10 டாலர் கட்டணத்தில் 160 ஏக்கர். மூன்று வருடம் அங்கேயே குடியிருந்து, உழுது, வீடு கட்டிக் காட்டினால்தான் பட்டா. மரமே இல்லாத வெளியில் எதைக் கொண்டு வீடு கட்டுவது? புல்வேரோடு மண்ணைக் கட்டி கட்டியாக வெட்டி, செங்கல் மாதிரி அடுக்கினார்கள். வெளியே மைனஸ் 40 குளிர் அடிக்கும்போது அந்த மண்சுவருக்குள்தான் பிள்ளை பெற்றார்கள். "இந்தக் குளிர்ல எந்த முட்டாள் வந்து குடியேறினான்" என்று அந்த வீடியோவில் ஒரு வரி வருகிறது. சொந்த நாட்டில் காணி நிலத்துக்கு வழியில்லாதவன் வந்து குடியேறினான், தம்பி. உன்னையும் என்னையும் போலத்தான்.

ஊருக்குத் தெற்கே கொஞ்ச தூரத்தில் சுகானென் கப்பல் முன்னோடிக் கிராம அருங்காட்சியகம் இருக்கிறது. கோடையில் மட்டும்தான் திறந்திருக்கும். சுற்றுவட்டார ஊர்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த பள்ளிக்கூடம், தேவாலயம், கடை, கொல்லன் பட்டறை எல்லாம் ஒரு தெருவாக நிற்கின்றன. கனடாவின் பிரதமராக இருந்த ஜான் டீஃபன்பேக்கர் சிறுவயதில் வாழ்ந்த பண்ணை வீடும் அங்கேதான் இருக்கிறது. பூர்வகுடி மக்கள் தங்கள் உரிமைகளை இழக்காமலே வாக்களிக்க 1960-இல் வழி வந்தது அவர் ஆட்சியில்தான்.

அப்பா ஊரிலிருந்து வந்திருந்தபோது அங்கே கூட்டிப்போனேன். கோவில்பட்டிப் பக்கம் கரிசலில் மானாவாரி விவசாயம் பார்த்தவர். டொரண்டோவில் சி.என். கோபுரம், நயாகரா எல்லாம் காட்டியாயிற்று. எல்லாவற்றையும் "ம், நல்லாருக்கு" என்று பார்த்தவர், இங்கே ஒரு பழைய இரும்புக் கலப்பைக்கு முன்னால் அசையாமல் நின்றுவிட்டார். குத்தவைத்து உட்கார்ந்து கொழுவைத் தடவினார். மண்ணைப் புரட்டிப் போடும் அந்தத் தகடு நம் ஊர்க் கலப்பையில் இல்லாத நீளம். அதன் வளைவில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, "எத்தன மாடு கட்டுனாங்கன்னு கேளு" என்றார். அங்கே தொண்டு செய்யும் ஒரு வயதான அம்மாவிடம் கேட்டேன். காளைகள்தான், அதுவும் புல்வேர் பாய் முடைந்த மாதிரி கிடக்கும், முதல் உழவில் மனிதனும் மாடும் சேர்ந்தே விழுந்துவிடுவார்கள் என்று தன் பாட்டி சொன்னதாகச் சொன்னார். நான் மொழிபெயர்க்குமுன்பே அப்பா தலையாட்டினார். அப்புறம் அவரும் அந்த அம்மாவும் பாஷையே இல்லாமல் வெகுநேரம் பேசினார்கள். விதைப்பு எப்போது, மழை எப்போது, கூலி ஆள் கிடைக்குமா என்றெல்லாம் கையால் கேட்டார், கையாலேயே பதில் வந்தது. எழுபது வயது தாண்டிய மனிதர் இந்த நாட்டில் மனம்விட்டுப் பேசிய இடம் அது ஒன்றுதான். அந்த இடத்தைத்தான் ஒன்றுமில்லாத இடம் என்கிறீர்கள்.

அங்கேயே ஒரு கப்பல் நிற்கிறது, கடலே இல்லாத மாகாணத்தின் நடுவில். டாம் சுகானென் என்ற ஃபின்லாந்துக்காரர் 1930-களில், வறட்சி எல்லோரையும் முறித்துப்போட்ட காலத்தில், தனி ஆளாகக் கட்டியது. சஸ்காச்சுவான் ஆற்றில் மிதக்கவிட்டு, ஹட்சன் விரிகுடாவைப் பிடித்து, அங்கிருந்து கடல் வழியே ஃபின்லாந்து போய்ச் சேர வேண்டும் என்பது அவர் திட்டம். அக்கம்பக்கத்தார் பைத்தியம் என்றார்கள். கப்பல் ஆற்றைத் தொடவே இல்லை. அவரை நார்த் பாட்டில்ஃபோர்டு மனநல மருத்துவமனையில் சேர்த்தார்கள், 1943-இல் அங்கேயே இறந்துபோனார். ஊருக்குத் திரும்பிப் போக வேண்டும் என்று உள்ளுக்குள் வெந்து சாகும் மனுஷனைப் புரிந்துகொள்ள நமக்கு யாரும் விளக்கவுரை எழுத வேண்டியதில்லை. எல்லோர் வீட்டிலும் அப்படி ஒருவர் இருக்கிறார். இறங்கிப் பார்த்திருந்தால் அந்தத் தம்பிக்கும் தொண்டை அடைத்திருக்கும்.

சரி, "வீடியோதானே, ஜாலிக்கு எடுத்தது, ஏன் இவ்ளோ டென்ஷன்" என்பவர்களுக்கு: நீங்கள் இங்கே வாழவில்லை. மாகாணமே ஆள் தேர்ந்தெடுத்துக் குடியேற்றத்துக்குப் பரிந்துரைக்கும் மாகாண நியமனத் திட்டத்தில் விண்ணப்பித்து, இந்த ஊர்கள் கொடுத்த வேலையில் நிரந்தரக் குடியுரிமை வாங்கிய கையோடு டொரண்டோவுக்குப் பெட்டி கட்டியவர்கள் நம்மில் எத்தனை பேர்? போவது அவரவர் உரிமை, பிள்ளை படிப்பு, சொந்தபந்தம் என்று ஆயிரம் காரணம் இருக்கும். போன பிறகு திரும்பி நின்று "ரெஜினாவிலயா இன்னும் இருக்கீங்க? அய்யோ பாவம்" என்று கல்யாண வீட்டில் எல்லோர் முன்னாலும் கேட்கிறீர்களே, அது வலிக்கிறது. என் மகள் பிறந்த ஊர் இது. அவளுக்கும் காது கேட்கும்.

இன்னொரு கேள்வி வரும், அது நியாயமான கேள்வி. "முன்னோடிகள் முன்னோடிகள் என்கிறீர்களே, அது பூர்வகுடிகளிடமிருந்து பறித்த நிலம் இல்லையா?" ஆமாம். அதில் மழுப்ப ஒன்றுமில்லை. 1874-இல் இந்த நிலத்துக்காகப் பூர்வகுடிகளோடு அரசு போட்ட நான்காம் ஒப்பந்தம் கையெழுத்தானபோதே அவர்கள் வேட்டையாடி வாழ்ந்த பைசன் காட்டெருமைக் கூட்டங்கள் அழிந்துகொண்டிருந்தன, பசி வாசலில் நின்றது. அமெரிக்கப் படையை லிட்டில் பிக்ஹார்னில் 1876-இல் தோற்கடித்த பிறகு, லகோட்டா பூர்வகுடித் தலைவர் சிட்டிங் புல் தன் மக்களோடு இந்த ஊருக்குத் தெற்கே வுட் மவுண்டனில்தான் வந்து தங்கினார். கனடா அரசு உணவும் தரவில்லை, நிலமும் தரவில்லை. பசி தாங்காமல் 1881-இல் திரும்பிப் போய்ச் சரணடைந்தார். அவரோடு வந்த லகோட்டா மக்களில் சிலர் போகாமல் இங்கேயே தங்கிவிட்டார்கள், அவர்கள் வழிவந்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மண்சுவர் வீட்டில் குளிரில் கிடந்தவரின் பாடும் உண்மை, அந்த நிலத்தை இழந்தவரின் பசியும் உண்மை. "ஒண்ணுமே இல்ல" என்று நீங்கள் சொல்லும்போது முதலில் அழிந்துபோவது இரண்டாமவர் கதைதான். இந்தப் புல்வெளியில் யாருமே இல்லை என்று சொல்லித்தானே அதை அளந்து விற்றார்கள்!

"நிஜமாவே போரடிக்குது" என்பவர்களிடம் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. போங்கள், பான்ஃப் அழகான ஊர்தான்.

இவ்வளவும் நான் பொறுத்துப்போயிருப்பேன். உண்மையைச் சொன்னால், தூக்கம் கெட்டது வேறொரு இடத்தில். சுரங்கத்தில் சீனத் தொழிலாளர்கள் பற்றிய பகுதி வரும்போது அந்தத் தம்பி கண்ணை இடுக்கிக்கொண்டு "சிங் சங்" என்று பேசிக் காட்டுகிறார். அதற்கும் சிரிப்பு.

கனேடியன் பசிபிக் பாதையை மலைகளுக்கு நடுவே போட்டதில் சீனத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் உழைத்தார்கள். பாதை முடிந்த 1885-லேயே நாட்டுக்குள் வரும் சீனர் ஒவ்வொருவருக்கும் 50 டாலர் தலைவரி போட்டார்கள். 1903-இல் அது 500 டாலர். 1923-இல் வரவே கூடாது என்று சட்டம், 1947 வரைக்கும். மனைவி அங்கே, கணவன் இங்கே என்று ஆயுள் முழுக்கப் பிரிந்தே வாழ்ந்து செத்தவர்கள் உண்டு. கனடா அரசு மன்னிப்புக் கேட்டது 2006-இல்.

மூஸ் ஜாவிலேயே குவாங் விங் என்று ஒருவர் உணவகம் வைத்திருந்தார். முறைப்படி குடியுரிமை பெற்ற பிரிட்டிஷ் பிரஜை. சீனர் கடையில் வெள்ளைக்காரப் பெண்கள் வேலை செய்யக் கூடாது என்று 1912-இல் சஸ்காச்சுவான் சட்டம் போட்டது. இரண்டு பெண்களை வேலைக்கு வைத்திருந்தார் என்று அவரைக் குற்றவாளி ஆக்கினார்கள். அவர் சும்மா இருக்கவில்லை, கனடா உச்ச நீதிமன்றம் வரை போனார். 1914-இல் நீதிபதிகளில் ஒருவர் மட்டும் அவர் பக்கம் நின்றார், மற்றவர்கள் சட்டம் செல்லும் என்றார்கள். அதே 1914-இல்தான் வான்கூவரில் கோமகாட்டா மாரு கப்பலை, நம் நாட்டு மக்களோடு, திருப்பி அனுப்பினார்கள்.

நான் இங்கே வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு கடையில் கல்லாவில் நின்றேன். என் உச்சரிப்பை அப்படியே பேசிக் காட்டி இரண்டு பேர் தினமும் சிரிப்பார்கள். தலையை ஒரு பக்கமாக ஆட்டிக் காட்டுவார்கள். மேலாளரும் சேர்ந்து சிரிப்பார். வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஆங்கிலத்தில் "வெஜிடபிள்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகியிருக்கிறேன். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். அதைத் தமிழில், தமிழன் வாயிலிருந்து, இன்னொரு குடியேறி மீது கேட்பேன் என்று நினைக்கவில்லை.

"அவன் சின்னப் பையன், விட்டுடுங்க" என்று ஒரு அக்கா உள்பெட்டியில் எழுதியிருக்கிறார். கல்லாவில் என்னைப் பார்த்துச் சிரித்தவர்களும் சின்னப் பையன்கள்தான் அக்கா. இதையெல்லாம் அந்த வீடியோவின் கீழே மரியாதையாக எழுதினேன். என் கருத்தை நீக்கிவிட்டார்கள். பரவாயில்லை. ஊரைப் பிடிக்கவில்லை என்று சொல்லும் உரிமை அவருக்கு உண்டு, அந்தப் பகுதி அப்படியே இருக்கட்டும். அந்தச் "சிங் சங்" வரும் இடத்தை மட்டும் வெட்டிவிட்டு வீடியோவை மறுபடி ஏற்றுங்கள். அதைச் செய்யும்வரை, எனக்கு அதைச் சிரித்துக்கொண்டே அனுப்பியவர்கள் என்னிடம் அதைப் பற்றிப் பேச வேண்டாம்.