ஸ்னூக்கரின் முதல் தலைமுறை: தோற்றவர்களையும் தேடி எழுத வேண்டும்

மேசைமேல் உள்ள பந்துகளைக் கோலால் அடித்துக் குழிகளில் வீழ்த்தும் ஆட்டமான ஸ்னூக்கரின் தொடக்க கால வரலாற்றை எழுதுபவர்கள் பெரும்பாலும் ஜோ டேவிஸில் தொடங்கி ஜோ டேவிஸிலேயே முடித்துவிடுகிறார்கள். 1927 முதல் 1946 வரை நடந்த உலகத் தொழில்முறைப் போட்டிகள் அனைத்திலும், அதாவது 15 முறை, பட்டம் வென்று, அப்போட்டியில் ஒருமுறைகூடத் தோற்காமல் விலகியவர் அவர். அந்தப் புகழ் அவருக்கு உரியதுதான். ஆனால் மேசையின் மறுபக்கத்தில் நின்று ஆடியவர்களில் பலரைப் பற்றி இன்று நமக்குக் கிடைப்பது ஒரு பெயரும் அதன் அருகே ஓர் எண்ணும் மட்டுமே. அவர்களுடைய வாழ்க்கையைத் தேடி எழுதுவதை ஆர்வலர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. அது இல்லாமல் இந்த ஆட்டத்தின் வரலாறு முழுமை பெறாது என்பது என் உறுதியான கருத்து.

முதல் உலகப் போட்டியையே எடுத்துக்கொள்வோம். ஸ்னூக்கருக்கு மூத்த மேசை ஆட்டமான பில்லியர்ட்ஸுக்குப் பர்மிங்காமில் கூடம் நடத்திய பில் கேம்கினும் டேவிஸும் சேர்ந்து அதற்கு வழி செய்தார்கள். பத்துப் பேர் பெயர் கொடுத்தார்கள். 1926 நவம்பர் 29 அன்று லண்டன் லெஸ்டர் சதுக்கத்தின் தர்ஸ்டன் கூடத்தில் மெல்போர்ன் இன்மனும் டாம் நியூமனும் முதல் ஆட்டத்தைத் தொடங்கினார்கள். இருவரும் பில்லியர்ட்ஸில் உலகப் பட்டம் பெற்றவர்கள், ஸ்னூக்கர் அவர்களுடைய பில்லியர்ட்ஸ் ஆட்டத்துக்குத் துணையாக மட்டுமே அங்கே இடம்பெற்றது. 1927 மே மாதம் கேம்கின் கூடத்தில் நடந்த இறுதிப் போட்டியில் வென்ற டேவிஸுக்குக் கிடைத்த தொகை 6 பவுண்டு 10 ஷில்லிங். வென்றவருக்கே அவ்வளவுதான் என்றால், அதே போட்டியில் ஆடிய நாட் பட்லர், ஜோ பிராடி, அலெக் மேன் போன்றோர் எதை நம்பி இந்தத் தொழிலில் நின்றார்கள் என்ற கேள்வி எழ வேண்டாமா? அரையிறுதியில் டேவிஸிடம் தோற்ற ஆல்பர்ட் கோப் 60 புள்ளிகள் எடுத்தார். அந்தப் போட்டியிலேயே மிகப் பெரிய பிரேக், அதாவது ஒரே முறையில் விடாமல் தொடர்ந்து எடுத்த புள்ளிக்கணக்கு, அதுதான். அதற்காக அவருக்கு ஒரு சான்றிதழ் வழங்கப்பட்டது. அவரைப் பற்றிப் பெரும்பாலான நூல்கள் சொல்வது இத்துடன் நின்றுவிடுகிறது.

என் மனத்தை அதிகம் தொடுபவர் நாட்டிங்ஹாம் டாம் டென்னிஸ். 1927, 1929, 1930, 1931 என நான்கு இறுதிப் போட்டிகளில் டேவிஸை எதிர்கொண்டு நான்கிலும் தோற்றார். 1931இல் போட்டிக்குப் பெயர் கொடுத்தவர்களே இவர்கள் இருவர்தான். நாட்டிங்ஹாமிலேயே நடந்த அந்த ஆட்டத்தை டேவிஸ் 25–21 என்றுதான் வெல்ல முடிந்தது. டென்னிஸை மதிப்பிட ஓர் எண்ணை மட்டும் பார்ப்பது போதாது. 1927 இறுதிப் போட்டியின் முடிவு 20–11 என்று பதிவாகியிருக்கிறது. ஆனால் 31 ஃபிரேம்கள், அதாவது தனித்தனி ஆட்டச் சுற்றுகள், கொண்ட அந்தப் போட்டியில் 16–7 என்ற நிலையிலேயே பட்டம் முடிவாகிவிட்டது. சீட்டு வாங்கி வந்தவர்களுக்காக மீதி ஃபிரேம்களையும் ஆடி முடிப்பது அன்றைய வழக்கம். எஞ்சிய எட்டில் இருவரும் ஆளுக்கு நான்கு வென்றார்கள். பட்டம் கைவிட்டுப் போன பிறகும் அந்த மேசையில் நின்று சமமாக ஆடிய மனிதர் அவர்.

தேடல் ஏன் கடினமாகிறது என்பதையும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் 1921 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2022 ஜனவரியில்தான் பொதுப் பார்வைக்கு வந்தது. 1931 கணக்கெடுப்பின் தாள்கள் 1942 டிசம்பரில் தீயில் அழிந்தன. போர் காரணமாக 1941இல் கணக்கெடுப்பே நடக்கவில்லை. இந்த ஆட்டக்காரர்கள் உச்சத்தில் இருந்த ஆண்டுகள் சரியாக அந்த வெற்றிடத்தில் விழுகின்றன. மிஞ்சியிருப்பது, போர் தொடங்கியதும் 1939 செப்டம்பரில் எடுக்கப்பட்ட பதிவேடு. பெயர், பிறந்த நாள், தொழில், முகவரி ஆகியவை அதில் உள்ளன. அதன் பிறகு உள்ளூர் நாளிதழ்களையும் பில்லியர்ட்ஸ் இதழ்களையும் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டியதுதான். முதல் போட்டியில் ஆடிய பிரெட் லாரன்ஸ், டாம் கார்ப்பென்டர் போன்றோரின் பெயர்கள் ஒவ்வோர் ஊரிலும் பலருக்கு இருந்திருக்கும். போதாக்குறைக்கு, டாம் நியூமனின் பிறப்புப் பெயர் பிராட்; ஆஸ்திரேலிய ஆட்டக்காரர் ஹொரேஸ் லிண்ட்ரம் தாய்வழிக் குடும்பப் பெயரை ஏற்றவர்.

பெண்களின் நிலை இன்னும் மோசம். பெண்களுக்கான தொழில்முறைப் போட்டியில் ரூத் ஹாரிசன் 1934 முதல் 1940 வரை ஆண்டுதோறும் வென்று, 1948இல் மீண்டும் வென்றார். ஜாய்ஸ் கார்ட்னர், ஆக்னஸ் மோரிஸ், தெல்மா கார்ப்பென்டர் ஆகியோரும் அக்காலத்துப் புகழ்பெற்ற ஆட்டக்காரர்கள். 1950க்குப் பிறகு அந்தப் போட்டியே நின்றுபோனது. டேவிஸின் தொடர் வெற்றியை மனப்பாடமாகச் சொல்பவர்கள், அதே ஆண்டுகளில் ஹாரிசன் பெற்ற தொடர் வெற்றியை ஒருமுறையாவது சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பது தவறாகாது. திருமணத்தோடு குடும்பப் பெயர் மாறுவதால் பெண்களின் தடம் அறுந்துவிடுகிறது. நல்லவேளையாக, 1939 பதிவேட்டில் பின்னாளில் மாறிய பெயர்களைப் பல இடங்களில் மேலே எழுதிவைத்திருக்கிறார்கள்.

சிலர் ஒரே ஒரு நிகழ்வால் மட்டும் நினைவில் நிற்கிறார்கள். 1938 நவம்பரில் தர்ஸ்டன் கூடத்தில் நியூமனுக்கு எதிராக ஆடிய அலெக் பிரவுன், எட்டாத பந்தை அடிக்கப் பையிலிருந்து ஏறத்தாழ 5 அங்குல நீளமுள்ள கருங்காலிக் கோலை எடுத்தார். அதன் விளைவாகவே கியூ எனப்படும் ஆட்டக்கோல் குறைந்தது மூன்றடி இருக்க வேண்டும் என்ற விதி வந்தது. நியூசிலாந்துக்காரர் மர்ட் ஓடோனஹியூ 1934இலேயே ஆஸ்திரேலியாவின் கிரிஃபித் நகரில், வழக்கமாக ஒரே பிரேக்கில் எடுக்கக்கூடிய உச்சப் புள்ளியான 147ஐ எடுத்தார். முதல் அதிகாரபூர்வ 147 என்ற பெருமையோ 1955இல் டேவிஸுக்குச் சென்றது.

ஆட்டத்தின் பிறப்பு வரலாறுகூட மயிரிழையில்தான் தப்பியது. 1875இல் ஜபல்பூரில் இதை உருவாக்கி, பின்னர் உதகமண்டலம் மன்றத்தில் விதிகளை எழுதி வைத்த பிரித்தானிய ராணுவ அதிகாரி நெவில் சேம்பர்லின் (பிரதமராக இருந்தவர் அல்லர்), ஆட்டம் வேறிடத்தில் பிறந்தது என்ற கூற்றை மறுத்து 1938இல் ஓர் இதழுக்குக் கடிதம் எழுதினார். அப்போது அவருக்கு வயது 82. உடனிருந்த பழைய அதிகாரிகள் சிலரும் உயிரோடு இருந்து அதை உறுதிசெய்தார்கள். கோப்புக்கும் பட்லருக்கும் சாட்சி சொல்ல இன்று எவரும் இல்லை. அவர்களுக்கு ஆவணங்கள் மட்டுமே சாட்சி.

அதனால்தான் இந்தத் தேடலில் பொறுமையை வலியுறுத்துகிறேன். பெயர் ஒத்துப்போகிறது என்பதற்காக இன்னொருவரின் பிறந்த நாளையும் இறந்த நாளையும் ஓர் ஆட்டக்காரருக்கு ஒட்டிவைத்தால், அந்தப் பிழை பத்து இடங்களில் நகலெடுக்கப்பட்டு உண்மையாகவே நிலைத்துவிடும். பிறந்த ஊர், தொழில், நாளிதழ்ச் செய்தி ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு ஒன்றையொன்று உறுதிசெய்யாதவரை அந்த இடத்தை வெறுமையாக விட்டுவைப்பதே அவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை. நம் ஊர்களின் பழைய மன்றங்களில் உறுப்பினர்களோடு ஆடி, புள்ளி எழுதி, மேசையைப் பராமரித்த மார்க்கர்களைப் பற்றியும் இதே கவனத்தோடு யாராவது எழுத முன்வர வேண்டும். அந்த மன்றங்களின் சம்பளப் பேரேடுகள் எங்காவது மிஞ்சியிருந்தால், அங்கிருந்து தொடங்கலாம்.