தம்பி பார்த்த முழங்கால்

எழும்பூர் அருங்காட்சியகத்தில் செப்புத் திருமேனிகள் இருக்கும் கட்டடத்துக்குத் தம்பியை முதன்முதலாகக் கூட்டிப் போனபோது அவனுக்கு 19 வயது. நேராகத் திருவாலங்காட்டு நடராசரிடம் போனான். முகத்தைப் பார்க்கவே இல்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முயலகன் மேல் ஊன்றிய வலது காலில் முழங்கால் மடிகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். 40 நிமிடம். "எப்படிடா இருக்கு?" என்றேன். "முழங்கால்" என்றான். அவ்வளவுதான்.

அன்று இரவு அடுப்படியில் வலது காலை லேசாக மடக்கி, இடது காலைத் தூக்கிக்கொண்டு நின்றான். மறுநாளும் நின்றான். அம்மா பயந்துபோனார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பார்த்த சிலையை உடம்பிலேயே வாங்கிக்கொண்டு வந்திருக்கிறான்.

தம்பிக்கு ஆட்டிசம். இவனுக்குத்தான் ஆறு வயதில் ஒரு பரிசோதனை முடிந்து, "பிறர் உணர்ச்சி புரிவதில்லை" என்று எழுதிக் கொடுத்தார்கள். படத்தைக் காட்டி, இந்த மாமா எப்படி இருக்கிறார் என்று கேட்டார்கள். சட்டையில் ஐந்து பட்டன், ஒன்று மட்டும் வேறு நிறம் என்றான். 'கோபமாக இருக்கிறார்' என்று சொல்லியிருக்க வேண்டுமாம்.

உணர்வது வேறு, உணர்ந்ததற்குப் பெயர் சொல்வது வேறு. நெஞ்சு படபடக்கும், தொண்டை அடைக்கும். அது துக்கமா, பயமா, பசியா என்று பிரித்துச் சொல்ல வராது. இதற்கு அலெக்ஸிதைமியா என்று பெயர். ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இது இருப்பதாக 2019-ல் வந்த தொகுப்பாய்வு சொல்கிறது. மீதிப் பாதிப் பேருக்கு இல்லை என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஆட்டிசத்தின் தலையில் நாம் கட்டுகிற உணர்ச்சிச் சிக்கல்களில் பல உண்மையில் இதனால் வருபவை என்று ஜெஃப்ரி பேர்ட் போன்ற ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். நம் ஊர்ப் பேச்சில் மட்டும் இன்னும் "அதுகளுக்கு உணர்ச்சி கிடையாது".

முழங்காலை மட்டும் பார்த்தால் முழுச் சிலையும் எப்படித் தெரியும் என்று உறவினர் ஒருவர் கேட்டார். ஆட்டிசம் உள்ளவர்கள் இப்படித் துண்டு துண்டாகப் பார்ப்பதை உளவியலாளர் உத்தா ஃபிரித் 1989-ல் ஒரு பலவீனமாகத்தான் விளக்கினார். பிறகு 2006-ல் அவரும் ஃபிரான்செஸ்கா ஹாப்பேவும் சேர்ந்து, இது குறைபாடு என்பதைவிட நுணுக்கத்தின் பக்கம் சாய்ந்த ஒரு பார்வை என்று திருத்தி எழுதினார்கள். அந்தத் திருத்தம் நம் பள்ளிகளுக்கு வந்து சேரவில்லை.

இன்னொன்று. பிரெஞ்சுச் சிற்பி ரோடின் சென்னைக்கு வந்ததே இல்லை. சென்னை அருங்காட்சியகத்து நடராசரைப் புகைப்படங்களில் பார்த்துத்தான் அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 1921-ல் அது அச்சானது. அதில் அவர் வாய், பக்கவாட்டு முகம், கால்கள் என்று ஒவ்வொரு உறுப்பாக நின்று நின்று பார்க்கிறார். அதைக் கலை ரசனை என்று கொண்டாடுகிறோம். என் தம்பி அதையே செய்தால் அறிகுறி என்கிறோம். எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

எல்லோரும் இவனைப் போல என்று சொல்லவில்லை. சிலருக்கு ஓவியத்தின் நிறமே தாங்காது, அறையை விட்டு ஓடிவிடுவார்கள். சிலர் கையை உதறுவார்கள், ஒரே ஓசையை முனகுவார்கள். சில சமயம் படம் காரணமாகவே இருக்காது. விளக்கின் கூச்சமோ கூடத்தின் எதிரொலியோ போதும். சிலர் மணிக்கணக்கில் அழகாகப் பேசுவார்கள். ஆனால் ஓடுவதும் உதறுவதும்கூடப் பதிலாக இருக்கலாம். "சும்மா நில்லு" என்று கையைப் பிடித்து அமுக்கும்போது அந்தப் பதிலைத்தான் அமுக்குகிறோம்.

பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். "எப்படி இருக்கு, பிடிச்சிருக்கா" என்று கேட்காதீர்கள். "எங்கே பார்த்தே?" என்று கேளுங்கள். விரல் நீட்டினால் போதும். அப்புறம் நீங்களும் அங்கே குனிந்து பாருங்கள். அந்த முழங்காலின் மடிப்பை நான் அப்படித்தான் பார்த்தேன், அதுவும் நாலாவது தடவை போனபோது.

போன வாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் திடீரென்று, "அந்தக் கால் வலிக்குமா?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மறுபடி போகிறோம்.