சம்பளத்துக்கும் கொடுங்கள்

செவ்வாயும் வெள்ளியும் திருச்சியில் ஒரு குடும்ப ஆலோசனை மையத்துக்குத் தன்னார்வலராகப் போய் வருகிறேன். நான்கு வருடம் ஆகிறது. மையத்தின் பெயரை இங்கே போடவில்லை. அங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் வீட்டுக்குத் தெரியாமல் வருகிறவர்கள்.

இரண்டு கவுன்சலர்களில் ஒருவர் இந்த மாதக் கடைசியோடு விலகுகிறார். அவர் சம்பளத்தைத் தாங்கிக்கொண்டிருந்த புராஜெக்ட் முடிந்துவிட்டது. அதே மாதத்தில் புதிதாக ஆறு தன்னார்வலர்கள் சேர்ந்திருக்கிறார்கள். "ஒருத்தர் போய் ஆறு பேர் வந்தா நல்லதுதானே?" என்று ஒரு நண்பர் கேட்டார். அவருக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன், நீண்டுவிட்டது.

விலகுகிற அக்கா எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணியில் முதுகலை) படித்தவர். ஒன்பது வருட அனுபவம், மாதச் சம்பளம் 18,000 ரூபாய். அவருக்கும் படிக்கிற வயதில் இரண்டு பெண் பிள்ளைகள். இன்னும் கொஞ்ச நாள் இருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவர் வேலை செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். ஒரு பெண் ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க மனு எழுத வேண்டும் என்று வந்தார். அக்கா எழுதிக் கொடுத்தார். அடுத்த வாரம் அதே மனுவைப் பற்றிக் கேட்க வந்தார். அதற்கு அடுத்த வாரமும் வந்தார். ஒவ்வொரு முறையும் "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டு, ஃபிளாஸ்கில் இருந்து டீ ஊற்றிக் கொடுத்து, மனுவைப் பற்றி மட்டும்தான் அக்கா பேசினார். நான்காவது முறை டீ டம்ளரை வாங்கும்போது அந்தப் பெண்ணே முந்தானையை விலக்கித் தோளைக் காட்டினார். அங்கிருந்துதான் மற்ற எல்லாம் ஆரம்பித்தது. அவசரப்பட்டு முதல் நாளே துருவியிருந்தால் மறுவாரம் வந்திருக்கவே மாட்டார்.

அப்புறம் பாதுகாப்பு அலுவலரிடம் (குடும்ப வன்முறைப் புகார்களைப் பார்க்கும் அலுவலர்) மனு, பிறகு கோர்ட். 2005 குடும்ப வன்முறைச் சட்டப்படி முதல் விசாரணையைப் பொதுவாக 3 நாளுக்குள் வைக்க வேண்டும், வழக்கை 60 நாளில் முடிக்க முயல வேண்டும். நாங்கள் பார்ப்பது வாய்தா மேல் வாய்தா. ஒவ்வொரு வாய்தாவுக்கும் கூட ஒரு ஆள் போக வேண்டும். எதிர்ப்பக்கம் மாமியார், நாத்தனார், ஊர்ப் பெரியவர் என்று ஒரு கூட்டமே நிற்கும். இந்தப் பெண் பக்கத்தில் நிற்க அக்கா ஒருவர்தான்.

வாய்தா புதன்கிழமை என்றால் செவ்வாயும் வெள்ளியும் வருகிற நான் என்ன செய்ய முடியும்?

தன்னார்வலர்களைக் குறைத்துச் சொல்லவில்லை, நானும் அதில் ஒருத்திதான். சென்னையில் சினேகா அமைப்பு 1986 முதல் தன்னார்வலர்களை வைத்துத்தான் தற்கொலை எண்ணத்தில் தவிப்பவர்களுக்குக் காது கொடுத்து வருகிறது. எங்களுக்குப் புதிதாக வந்த ஆறு பேரில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியை ஒருவர் இருக்கிறார். அம்மா உள்ளே பேசிக்கொண்டிருக்கும்போது பிள்ளைகளைத் திண்ணையில் உட்கார வைத்துக் கதை சொல்கிறார். போன வெள்ளிக்கிழமை ஒரு சிறுவன் கதையை விட்டு வீட்டுக்குக் கிளம்பமாட்டேன் என்று அழுதான். அது பெரிய உதவி. ஆனால் அந்த ஆறு பேரையும் பழக்கி, யார் என்றைக்கு வருவது என்று பார்த்து, ஃபைல்களைக் கையில் வைத்திருக்க முழுநேர ஆள் வேண்டும்.

குழந்தைகளுக்கான உதவி எண்ணான 1098 சைல்டுலைன் 1996இல் மும்பையில் தொடங்கியது. ஊர் ஊராகத் தொண்டு நிறுவனங்கள்தான் அதை நடத்தின. 2023இல் அரசு அதை நேரடியாக எடுத்துக்கொண்டது. குழந்தைக்கு ஆபத்து என்றால் இன்றும் அதே எண்ணுக்குத்தான் கூப்பிட வேண்டும், கூப்பிடுங்கள். ஆனால் தெருத்தெருவாக அலைந்து பழகிய பணியாளர்கள் பலர் அந்த மாற்றத்தில் வேலை இழந்தார்கள். எந்தப் பேட்டையில் எந்த வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்தது எந்த ரெஜிஸ்டரிலும் இல்லை.

பணம் ஏன் வற்றுகிறது? 2020இல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தியபோது, ஒரு நிறுவனம் வாங்கிய நிதியை இன்னொன்றுக்குக் கைமாற்றக் கூடாது என்றார்கள். பெரிய அமைப்புகள் வழியாகச் சிறிய மையங்களுக்கு வந்துகொண்டிருந்த பணம் அதோடு நின்றது. வருமான வரியில் புதிய முறைக்கு மாறியவர்களுக்கு நன்கொடைக்கான 80ஜி வரிக்கழிவு கிடையாது. மார்ச் மாதம் ரசீதுக்காகவாவது கொடுத்தவர்கள் இப்போது குறைந்துவிட்டார்கள்.

இதைவிட என்னை வருத்துவது வேறு. கொடுக்க மனம் உள்ளவர்களும் பொருளாகத்தான் கொடுக்கிறார்கள். போன ஜூனில் ஒரு நிறுவனம் எழுபது ஸ்கூல் பேக் கொடுத்தது. பிள்ளைகள் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்கள். கொடுத்து முடிக்கும்வரை அந்த மூட்டைகளை வைக்க இடமில்லாமல் ஆலோசனை அறையில் அடுக்கியிருந்தோம். மூன்று வாரம் அக்கா வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, தெருவில் போகிறவர்கள் காதில் விழாதபடி தணிந்த குரலில் பேசினார். சம்பளத்துக்கு ஏதாவது உதவ முடியுமா என்று அவர்களிடம் கேட்டோம். "சம்பளத்துக்கெல்லாம் கொடுக்கிறதில்லைங்க, அது சேவைக்குப் போகாதே" என்றார் வந்தவர். நல்ல மனிதர். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். எங்களிடம் சேவை என்று இருப்பதே அந்த அக்காதான்.

பிறந்தநாளுக்கு அன்னதானம் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். கூடவே ஒரு கவுன்சலரின் சம்பளத்தில் ஒரு பங்கும் எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் 300 ரூபாய் வீதம் அறுபது பேர் சேர்ந்தால் 18,000. இதுவரை பதினேழு பேர் ஆகியிருக்கிறோம். நான் கேட்ட அன்றே தலைமையாசிரியை அம்மா பென்ஷனில் இருந்து இரண்டு பங்கு எடுத்துக்கொண்டார்.

அந்தப் பெண்ணுக்கு அடுத்த வாய்தா வரும் 12ஆம் தேதி. விலகிய பிறகும் அன்றைக்கு ஒரு நாள் லீவு போட்டுவிட்டு வருகிறேன் என்று அக்கா சொல்லியிருக்கிறார். அதற்கடுத்த வாய்தாவுக்கு யார் போவது என்று இன்னும் முடிவாகவில்லை. சேர நினைப்பவர்கள் இன்பாக்ஸில் வாருங்கள், விவரம் தருகிறேன்.